பிழை பூஜ்யம்

சல்லடை வந்த முதல் நாளே கமாவின் புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிழை பிடித்தது. பக்கத்து மேஜைக்காரர் புத்தகத்தில் அறுபத்தொன்றுதான்.

கமா என்பது அவள் பெயரல்ல. ஒரு கமா விட்டுப்போயிருந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று ஆபீஸ் வைத்த பட்டம். அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய கட்டில், சக்கர நாற்காலி, நோயாளியைத் தூக்கி மாற்றும் மெஷின் எல்லாம் செய்கிறது. ஒவ்வொன்றோடும் அதைப் பயன்படுத்தும் முறை சொல்கிற புத்தகம் ஒன்று போகும். அவற்றை எழுதுகிற அறையில் கமாதான் மூத்தவள். பன்னிரண்டு வருஷமாக அவளுடைய சிவப்புப் பேனாவைத் தாண்டாமல் எதுவும் அச்சுக்குப் போனதில்லை. அவள் எழுதியதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளே சொல்லிவிடுவாள்.

சல்லடை என்பது எழுத்துநடையில் பிழை பிடிக்கிற ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். அதைச் செய்தது வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவனை, மேனேஜரிடம் சொல்லி இதே கம்பெனியில் சேர்த்துவிட்டவள் கமாதான். இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வேலைக்கு வருவார்கள்.

அன்று காலை மேனேஜர் எல்லாரையும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கவைத்தார். சின்னவன் கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்தான். அதில் பட்டனும் இல்லை, படமும் இல்லை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. 'சல்லடை' என்று அடித்து, கொஞ்சம் இடம் விட்டு, கோப்பின் பெயரை அடித்து, என்டர் தட்டினான்.

"அவ்வளவுதான். நடையில என்ன கோளாறுன்னு வரி நம்பரோட சொல்லும். திருத்திட்டு மறுபடி ஓட்டணும், பூஜ்யம் வர்ற வரைக்கும்."

"பூஜ்யம் வராம எதுவும் அச்சுக்குப் போகாது," என்றார் மேனேஜர். "யாரோடதா இருந்தாலும் சரி."

முதலில் ஓட்டியது புதுசு எழுதிய கோப்பை. புதுசு கமாவைவிட மூன்று வயது பெரியவர். வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆயிற்று. சேர்ந்த அன்று யாரோ "புதுசா வந்திருக்கார்" என்று சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அறுபத்தொன்று என்று வந்ததும் அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அடுத்து கமாவின் மோட்டார் கட்டில் புத்தகம். வரிகள் மேலே ஓட ஆரம்பித்தன. நிற்கவே காணோம்.

வரி 3: செயப்பாட்டு வினை, 'பொருத்தப்பட்டுள்ளது'. வரி 4: 'மூலம்' தேவையில்லை. வரி 4: வாக்கியம் நீளம், 31 சொல். வரி 7: 'கவனத்தில் கொள்ளவும்', இதே பக்கத்தில் ஐந்தாம் முறை.

"அடேயப்பா," என்றாள் படம் வரைகிற அம்மா, பின்னாலிருந்து. யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் வரும், அண்ணி," என்றான் சின்னவன். ஆறுதலாகத்தான் சொன்னான். அத்தனை பேர் நடுவில் அவன் 'அண்ணி' என்றதும் கமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் ஸ்கூட்டரில் ஏறவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் சின்னவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினாள். மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற சின்ன மேஜையில், அவன் எதிரே இருக்கும்போதே புருஷனைப் பார்த்து, "உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, துணி காய்ஞ்சிடுச்சு, எடுத்துக்கச் சொல்லுங்க" என்பாள். புருஷன் ஏசி மெக்கானிக். நாள் முழுக்க மொட்டை மாடிகளில் வெயிலில் நின்றுவிட்டு வருகிற மனுஷன். வாயைத் திறக்காமல் சாப்பிடுவதில் கெட்டிக்காரர். "டேய், துணியாம்" என்று மட்டும் சொல்வார்.

ஆபீசில் அவள் சல்லடையோடு மல்லுக்கு நின்றாள். நீள வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் ஒரே சொல் இரண்டு தடவை வந்துவிட்டது என்று சொன்னது. அந்தச் சொல்லை எடுத்தால் எழுவாய் எங்கே என்று கேட்டது. பன்னிரண்டு வருஷமாகத் தன் கையெழுத்து மாதிரி எழுதிவந்த 'கவனத்தில் கொள்ளவும்' என்ற தொடரை அது பார்த்த இடத்திலெல்லாம் பிடித்துக்கொண்டது. பத்து நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு நூற்று முப்பதாக ஆயிற்று. அதற்குமேல் இறங்க மறுத்தது. புதுசு மட்டும் தினமும் சாயங்காலம் என்டர் தட்டிவிட்டு, "வந்துடுச்சு, பூஜ்யம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையைத் தூக்குவார். அதைக் கேட்டாலே அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

சின்னவன் கொடுத்திருந்த குறிப்புத் தாளில் ஒரு வழி இருந்தது. ஒரு பத்திக்கு முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் போட்டால் சல்லடை அந்தப் பத்தியைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். உதிரி பாகங்களின் நம்பர்களும் அட்டவணைகளும் இருக்கிற இடத்துக்காக வைத்தது அது. அச்சில் அந்தக் குறி தெரியாது. கமா ஒரு பத்திக்குப் போட்டுப் பார்த்தாள். எண்ணிக்கை மூன்று குறைந்தது. இன்னொன்றுக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அறுபத்துநாலு பத்திகளை மூடிவிட்டாள். பிழை 0 என்று வந்தது.

"பரவாயில்லையே!" என்றார் மேனேஜர். அவள் சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, ஒரு தாளை நீட்டினார். மொட்டைக் கடுதாசி. பிரிண்ட் எடுத்த ஒரே பக்கம்.

'மூத்த எழுத்தாளர் சல்லடையை ஏமாற்றுகிறார். கட்டில் புத்தகத்தில் அறுபத்துநாலு பத்திகளை மறைத்திருக்கிறார். கோப்பைத் திறந்து பாருங்கள். அடுத்தவர் எழுத்தை எல்லார் முன்னாலும் கேலி செய்கிறார். அவர் எழுத்தை யாரும் கேள்வி கேட்க முடியவில்லை.' இப்படியே கீழே வரை. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன வாக்கியம்.

"நான் எண்ணிப் பார்த்தேன்," என்றார் மேனேஜர். "சரியா அறுபத்துநாலு."

அவள் கடுதாசியை மறுபடி மேலிருந்து படித்தாள்.

"கட்டில் புத்தகத்தைக் கொஞ்ச நாள் புதுசு பாக்கட்டும். நீங்க சக்கர நாற்காலி பழைய பதிப்பைப் பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை நீங்க செய்வீங்கன்னு நான் நினைக்கலை, மேடம்" என்றார். அதுதான் அவளை அதிகம் சுட்டது.

கடுதாசியின் நகலை வாங்கிக்கொண்டு இருக்கைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை ஒரு எழுத்து விடாமல் ஒரு கோப்பில் அடித்து, கறுப்பு ஜன்னலைத் திறந்து, சல்லடையை ஓட்டினாள்.

பிழை 0. எச்சரிக்கை 0.

அந்த ஆபீசில் எழுதினவுடனே பூஜ்யம் வாங்குகிற ஆள் யாருமில்லை. மேனேஜர் அனுப்பிய நாலு வரிச் சுற்றறிக்கையிலேயே ஒன்பது இருந்தது. விதிகளை எழுதினவனுக்குத்தான் அவை மனப்பாடம். எத்தனை பத்தி மூடியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லவும் அவனுக்குத்தான் வசதி. அவள் மனசுக்குள் வழக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். சின்னவன் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கமா அந்தத் தட்டின் மேலேயே கடுதாசியை வைத்தாள்.

"படி."

இத்தனை நாளுக்குப் பிறகு அண்ணி நேராகப் பேசியதில் அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. படிக்கப் படிக்க மாறியது.

"யார் எழுதினது இது?"

"என்னைக் கேக்கறியா? உன் சல்லடையில போட்டேன். பூஜ்யம். நீ எழுதினாத்தான் பூஜ்யம் வரும்."

"அண்ணி, யார் எழுதினாலும் பத்து தடவை ஓட்டித் திருத்தினா பூஜ்யம் வரும். அதுக்குத்தானே அது இருக்கு?"

"மொட்டைக் கடுதாசி எழுதறவன் உக்காந்து நடை திருத்துவானா? யாருக்குக் காது குத்தற?"

"நான் உங்க கோப்பைத் திறந்ததே இல்ல. சத்தியமா."

"என்னை ஒழிக்கறதுக்குன்னே பார்த்துப் பார்த்து விதி போட்டவன்தானே நீ! என் வாயில வர்ற வார்த்தை ஒண்ணு விடாம தடை பண்ணி வெச்சிருக்க."

சின்னவன் தட்டைத் தள்ளிவைத்தான். அவன் சத்தம் போட்டு அவர்கள் பார்த்ததில்லை. அப்போதும் போடவில்லை.

"மொத்தம் நூத்திப் பத்து விதி, அண்ணி. அதுல எழுபத்தெட்டு உங்களோடது. ஸ்டோர் ரூம்ல பழைய புரூஃப் கட்டு கிடந்துச்சு. நீங்க சிவப்பு மையில அடுத்தவங்களைத் திருத்தினதெல்லாம் அதுல இருந்துச்சு. இதை இப்படி எழுதாதே, இது நீளம், இது வேண்டாம்னு. ரெண்டு மாசம் உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டேன். உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நினைச்சேன்."

கமா புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? என் கையாலயே என் கண்ணைக் குத்த வெச்சிருக்கான். அதையும் கூசாம சொல்றான்."

புருஷன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட துணிச்சல் இல்லாம கடுதாசி எழுதறவனுக்கு என் வீட்ல சோறு கிடையாது," என்றாள்.

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் நிமிரவில்லை. சின்னவன் எழுந்து போய் இரண்டு பைகளில் துணியை அடைத்துக்கொண்டு வந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். படியிறங்குகிற சத்தம் இரண்டு மாடிக்கும் கேட்டது. கூட வேலை பார்க்கும் யாரோ ஒருவன் அறையில் தங்கிக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் ஆபீசில் அவளும் சின்னவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கட்டில் புத்தகம் புதுசுவின் மேஜைக்குப் போயிருந்தது. அவர் அதை வைத்துக்கொண்டு மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். கமா சக்கர நாற்காலிக்கு எண்ணெய் போடுவது எப்படி என்பதை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை சின்னவன் அவள் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டான்.

சல்லடையை யார் எப்போது ஓட்டினாலும் அது ஓரிடத்தில் குறித்துவைக்குமாம். நேரம், கோப்பின் பெயர், எத்தனை பிழை, எந்த இருக்கை. தாளில் பதினொரு வரி இருந்தது. எல்லாம் போன வாரப் புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். கோப்பின் பெயர் 'விடுப்பு'. பிழை பதினாலு. அடுத்து ஒன்பது. மறுபடி ஒன்பது. ஆறு. ஏழு. நாலு. இப்படியே இறங்கி, பதினோராவது வரியில் பூஜ்யம். அதற்கு மறுநாள்தான் கடுதாசி மேனேஜர் மேஜைக்கு வந்தது. பதினொரு வரியிலும் இருக்கை எண் ஒன்றே. நாலு.

கமா தலையைத் திருப்பினாள். நாலாம் நம்பர் இருக்கையில் புதுசு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, உதடு அசைய எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு, அவர் டீ எடுக்கப் போனபோது பின்னாலேயே போனாள். டீ மெஷின் நடைபாதைக் கடைசியில், ஜன்னல் ஓரம் இருந்தது. வேறு யாரும் அங்கே இல்லை.

"விடுப்புக் கேட்க பதினொரு தடவை ஓட்டித் திருத்துவீங்களா?" என்று தாளை நீட்டினாள்.

புதுசு கப்பை மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் படித்தார்.  தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நான்தான்," என்றார்.

"உங்களால என் வீட்ல ஒருத்தன் வெளிய போயிட்டான்."

"அவரை நானா போகச் சொன்னேன்?"

அவள் எதிர்பார்த்தது காலில் விழாத குறையாக ஒரு கெஞ்சல். இதை எதிர்பார்க்கவில்லை.

"என் கோப்பை எதுக்குத் திறந்தீங்க?"

"பேட்டரி பாகத்தை எடுத்துக்கச் சொல்லி மேனேஜர் சொன்னார். திறந்தேன். குறியா இருந்துச்சு. எண்ணினேன்."

"நேரா என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"உங்ககிட்டயா?" அவர் சிரித்துவிட்டார். "நான் முதல் முதல்ல எழுதிக் கொடுத்த புத்தகம் ஞாபகம் இருக்கா, மேடம்? நோயாளியைத் தூக்கற மெஷின். ஓரத்துல சிவப்பு மையில எழுதினீங்க. 'இதை எழுதியவர் மெஷினைப் பார்த்திருக்கிறாரா?'ன்னு. அதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினீங்க. மூணு நாள் ஒர்க்‌ஷாப்ல உக்காந்து அந்த மெஷினைக் கழட்டி மாட்டிட்டு எழுதினேன் அதை. கையெல்லாம் கிரீஸ்."

அவளுக்கு அது ஞாபகம் இல்லை. அந்த மாதிரி எத்தனையோ ஓரங்களில் எழுதியிருக்கிறாள்.

"நாலு வருஷம். சல்லடை வந்தப்புறம்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது. அதுவும் தப்புன்னுதான் சொல்லுது. ஆனா ஏன்னு சொல்லிடுது. சொல்லிட்டு சிரிக்கறதில்ல." கப்பை எடுத்துக்கொண்டார். "மேனேஜர்கிட்ட சொல்லணும்னா சொல்லுங்க. வேலை போனாலும் போகட்டும். ஆனா அந்தக் கடுதாசியில ஒரு பொய் இருந்தா காட்டுங்க, இங்கயே உங்க கால்ல விழறேன்."

"கையெழுத்துப் போடாம எழுதினீங்களே, அது?"

"பயம்தான்," என்றார் புதுசு. "உங்க மேல இருக்கற பயம்."

அவர் போன பிறகும் அவள் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். அவரை வெட்டிப் போடலாம் போலக் கோபம் வந்தது. கடுதாசியில் பொய்யான வரி ஒன்றைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

மத்தியானம் சின்னவன் இருக்கைக்குப் போனாள். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தப்பு என்மேலதான்," என்றாள். "வீட்டுக்கு வா."

"சொல்லுங்க மேடம், ஏதாவது ரிப்பேரா?"

"என்னை மேடம்ங்காதே."

"ஆபீஸ்ல அப்படித்தான் கூப்பிடணும். முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்."

"நான் மன்னிப்புக் கேக்கறேன்டா."

"கேட்டுட்டீங்க இல்ல?" அவன் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. "வேலை இருக்கு."

கமா அங்கிருந்து நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். கடுதாசியில் இருப்பதெல்லாம் உண்மை, அறுபத்துநாலு பத்தியையும் வேண்டுமென்றே மூடினேன் என்றாள். எழுதினது யார் என்று தெரிந்ததா என்று மேனேஜர் கேட்டார். தெரியாது என்றாள். அது புதுசுமேல் இரக்கப்பட்டுச் சொன்னதில்லை. அவர் பெயரைச் சொன்னால் அந்தக் கடுதாசியை மறுபடி எல்லாரும் படிப்பார்கள் என்று தோன்றியது, அவ்வளவுதான். கட்டில் புத்தகம் இனி நிரந்தரமாகப் புதுசுவிடம்தான் என்று மேனேஜர் முடிவு சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தாள்.

இருந்தாலும் இரண்டு நாள் உட்கார்ந்து அறுபத்துநாலு குறிகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியாகத் திருத்தினாள். சிலதைத் திருத்தும்போது வாக்கியம் நிஜமாகவே தேறியது. அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. சில இடத்தில் சல்லடை சொன்னது முட்டாள்தனம் என்றே அவளுக்குப் பட்டது. அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள். பிரிண்ட் எடுத்துப் புதுசுவின் மேஜைக்குக் கொண்டுபோனாள்.

"அங்க வெச்சுட்டுப் போங்க," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் வேலைக்கு வேண்டிய பேச்சுத் தவிர வேறு பேச்சு இல்லை.

அந்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை புருஷன் சின்னவன் அறைக்குள் சாமான்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். அவன் எழுதுகிற மரமேஜையின் இழுப்பறைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்திருந்தார்.

"தனியா ஒரு ரூம் பார்த்துட்டானாம். மேஜையைக் கேட்டான்."

"எப்ப பேசினீங்க?"

"தினம்தான் பேசறேன்."

கனமான மேஜை. ஒருவரால் தூக்க முடியாது. அவள் ஒன்றும் சொல்லாமல் மறுமுனையைப் பிடித்தாள். கதவைத் தாண்டி, முதல் படிக்கட்டு இறங்கி, திருப்பத்தில் வந்து மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. அவர் கீழே, அவள் மேலே, நடுவில் மேஜை.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம் நீ," என்றார் அவர் திடீரென்று.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"அவன் மொட்டைக் கடுதாசி எழுதற ஆள் இல்லன்னு சொல்லியிருப்பேன். சின்ன வயசுல கண்ணாடியை உடைச்சாக்கூட அவனே போய் 'நான்தான்'னு சொல்லிட்டு அடி வாங்குவான்."

"அதை அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன இருந்துச்சு?" அவள் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "நான் அவனைப் போன்னு சொல்றப்போ டம்ளரைப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்களே! நான்தான் கோபத்துல கண்ணு தெரியாம இருந்தேன். உங்களுக்கு என்ன?"

கீழ்வீட்டுக் கதவு திறந்து, மூடிக்கொண்டது.

அவர் மேஜையை முட்டியில் தாங்கிக்கொண்டார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். "சொல்லியிருக்கணும்."

"மேஜைக் காலைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க," என்றாள் அவள். "இல்ல, உங்க பக்கம். இப்ப தூக்குங்க."

மேஜை சுவரில் ஒரு கீறல் போட்டுக்கொண்டு திரும்பியது. இரண்டு மாடியும் இறக்கி, தெருவில் நின்ற அவருடைய வேனில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டினார்கள். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இந்தப் பக்கக் கதவைத் திறந்து அவளும் ஏறினாள்.

"நீ எங்க?"

"அவன் ரூம் எத்தனாவது மாடி?"

"ரெண்டு."

"அப்ப நீங்க ஒரு ஆளா எப்படித் தூக்குவீங்க? ஓட்டுங்க."

"அவன் உன்கிட்ட பேசமாட்டான்."

"பேச வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். சரியாகச் சாத்தவில்லை. மறுபடி திறந்து, இன்னும் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.